தண்ணீராக இருப்பேன் என்று அவள் சொல்லவில்லை

1

காலையில் எழுந்தேன். தண்ணீர் வரும் நாள். குழாய் கீழே இருக்கிறது. குடங்களை நிரப்பி மாடிக்குக் கொண்டுவந்தேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். பல் தேய்த்தேன். பால் பொங்கியது, அணைத்தேன். ஒரு டம்ளர் காபி. குளித்தேன். அலமாரியைத் திறந்து மேல் தட்டிலிருந்த நீலச் சட்டையை எடுத்தேன். பார்த்தேன். மடிப்பு கலையாமல் திரும்ப வைத்தேன். வேறு சட்டை போட்டுக்கொண்டேன். கதவைப் பூட்டினேன். சைக்கிளை எடுத்தேன்.

தினமும் நடப்பது இதுதான். இதில் கதை இல்லை. கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக் கூடாது.

என் நண்பன் கைலாசம் ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறான். நூறு பேர் வாங்குவார்கள், அதில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள். அடுத்த இதழ் சினிமா சிறப்பிதழ் என்றான். என்னிடம் ஒரு கட்டுரை கேட்டான். தலைப்பையும் அவனே கொடுத்தான்: 'ஒரு அனிமேஷன் சண்டைப் படத்தில் பெறுவதும் இழப்பதும் குடும்பமும்.' நான் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவன். கணிதம் படித்தவன். வரைந்த படங்கள் அசைவதைப் பற்றி எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தான். அதைவிட முக்கியமாக, எனக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

2

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சி.டி. உறையில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர். தமிழில் பேசினார்கள். யார் பேசியது என்று தெரியாது.

கதை இது. மலையாறு ஒன்றின் பாலத்தடியில் ஒரு நீர்நாய்க் குடும்பம். அம்மா நீர்நாய்தான் சண்டைக்காரி. அப்பா மீன் வறுக்கிறவர். ஒரு மகள். மேலே ஆற்றை மறித்து ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் அணை கட்டுகிறது. அம்மா மதகைத் திறக்கப் போகிறாள். திறக்கிறாள். வெள்ளத்தோடு போய்விடுகிறாள். பன்றிகள் மீண்டும் அடைத்துவிடுகின்றன. மகள் வளர்கிறாள். அம்மா சுவரில் வரைந்து வைத்த அடிகளைப் பார்த்துப் பார்த்துச் சண்டை கற்கிறாள். கடைசிச் சண்டையில் அடிபட்டு மூழ்குகிறாள். அப்போது தண்ணீருக்குள் வெளிச்சம் பரவுகிறது. செத்த அம்மா தெரிகிறாள். பேசுகிறாள்.

"மகளே, நீ எங்கே நீந்தினாலும் அந்தத் தண்ணீராக நான் இருப்பேன்."

மகளுக்குப் பலம் வருகிறது. அணை உடைகிறது. ஆறு ஓடுகிறது. ஒரு கனத்த குரல், இழந்தவர்களே பெறுகிறார்கள் என்று சொல்லிப் படத்தை முடிக்கிறது.

கட்டுரையாக எழுதியிருந்தால் இந்த இடத்தில் இப்படி எழுதியிருப்பேன்: இப்படத்தில் குடும்பம் என்பது இழப்பின் வழியே மறுபடி கட்டப்படும் ஓர் [நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

நான் பார்த்ததைச் சொல்கிறேன். படம் கணக்கைச் சரிக்கட்டுகிறது. அம்மா போனாள், ஆறு வந்தது. மகளுக்கு வீரம் வந்தது. ஊருக்குத் தண்ணீர் வந்தது. அப்பா நீர்நாய்க்கு என்ன வந்தது? கடைசிக் காட்சியில் எல்லோரும் ஆடுகிறார்கள். அவர் ஓரத்தில் அடுப்பின் பக்கத்தில் நிற்கிறார். கையில் கரண்டி. கரண்டி அசையவில்லை. அடுப்பில் நெருப்பு அசைகிறது, பின்னால் ஆறு அசைகிறது, மகளின் மீசை முடி ஒவ்வொன்றும் அசைகிறது. இவரை மட்டும் ஒரே ஒரு படமாக வரைந்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் அங்கே பார்க்க மாட்டார்கள் என்று வரைந்தவனுக்குத் தெரியும்.

நான் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பார்ப்பதுதான் என் தொழில்.

(இந்தக் கதையில் அப்பா நீர்நாய் நான்தான் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். என் கரண்டி இப்போது அசைகிறது.)

3

என் மனைவி பெயர் ஏலவார்குழலி. ஊர் தென்னேரி. கோயில் அம்மன் பெயரை வைத்துவிட்டு எல்லோரும் குழலி என்று கூப்பிட்டார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கடைக்காரர்கள் கொடுத்தனுப்பும் பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். தான் கட்டுவது சிந்தடிக்.

அந்தப் படத்தை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையில் ஒரு பார்டர் கேட்டிருந்தார்கள், அலை அலையாக. அனிமேஷனில் தண்ணீரை எப்படி வரைகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த சி.டி.யை எடுத்துவந்தேன். கீழ் வீட்டிலிருந்து என் தங்கை செண்பகம் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அஞ்சுகம் அத்தையும் வந்தாள். அப்பாவின் அக்கா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லா முடிவும் அவளைக் கேட்டுத்தான்.

குழலி தைத்துக்கொண்டே பார்த்தாள். சண்டைக் காட்சிகளில் மட்டும் ஊசியை நிறுத்தினாள். அம்மா நீர்நாயை அவளுக்குப் பிடித்திருந்தது. வாலால் ஒரு பன்றியை அறைந்தபோது "போடு" என்றாள். அந்தத் தண்ணீர்க் காட்சி வந்தது. அத்தை முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். குழலி சிரித்தாள்.

"தண்ணியா இருப்பாளாமா? அப்போ ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் வருவா. அதுவும் விடியக்காலம் எழுந்தாத்தான்."

அத்தை அதட்டினாள். "சும்மா இரும்மா. தாயி பேசிக்கினு இருக்கா."

"செத்தவ எங்க அத்தே பேசறா? எவனோ எழுதிக் குடுத்தான், எவளோ பேசறா. எங்க ஏரியில போனவங்க யாரும் தண்ணியா ஆவல. கரையிலதான் ஒதுங்குனாங்க."

அத்தை என்னைப் பார்த்து, உன் பெண்டாட்டிக்கு நெஞ்சில் கல் இருக்கிறது என்றாள். குழலி, கல் இல்லை அத்தை, ஊசிதான் என்று சொல்லி அதை ஜாக்கெட் ஓரத்தில் குத்திவைத்துவிட்டுக் காபி போடப் போனாள். செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்தப் பேச்சை நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும். நல்ல கதையில் இப்படிச் சொல்லக் கூடாது என்று கைலாசம் சொல்வான். சொல்லட்டும்.

4

இனி அவள் சாவதை எழுத வேண்டும். பல தடவை தொடங்கினேன். அடித்தவற்றை அப்படியே விடுகிறேன்.

ஐப்பசி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் [பகல். மழை முந்தின நாளே நின்றுவிட்டது.]

அவள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு [பற்றவில்லை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே இருந்தேன்.]

உலர்ந்த உதடுகளைத் திறந்து, நீங்கள் தனியாக இருக்கக் கூடாது, எனக்காக நீங்கள் [இல்லை. இல்லை. இல்லை.]

மூன்றாவது வரியைப் பாருங்கள். நான் எழுதியதுதான். அழகாக வந்தது. கை நிற்கவில்லை. இன்னும் ஒரு பக்கம் போயிருக்கும். பேனாவை வைத்துவிட்டுக் கீழே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். காற்று ஏற்கெனவே இருந்தது.

உண்மையில் நடந்தது: காய்ச்சல். கொசுவால் வருவது. ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, அந்தப் பாதிப் பேரும் எழுந்துவிட்டார்கள். ஒரு காலையில் அவளால் நிற்க முடியவில்லை. என் அம்மா ஆட்டோவில் கூட்டிப்போனாள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு பின்னால் போவதாக ஏற்பாடு. நான் போனபோது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் முடிந்தது.

ஆகவே அவள் கடைசியாகப் பேசியது ஆட்டோவில். கேட்டவர்கள் இரண்டு பேர், நானும் அம்மாவும்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? அம்மா முதலில் உண்மையைச் சொன்னாள். கேட்டவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படியா என்று தலையாட்டிவிட்டுக் காபி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அடுத்தவள் கேட்டபோது அம்மா, "அவரப் பாத்துக்கோங்க அத்தேன்னுச்சு" என்றாள். கேட்டவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அம்மா அதையே சொன்னாள். கருமாதி முடிவதற்குள் அம்மாவே அதை நம்பிவிட்டாள்.

(குழலியைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. நான் எழுதும் இந்தக் குழலி எப்போதும் கெட்டிக்காரியாகப் பேசுகிறாள். அவள் அப்படி எப்போதும் பேசவில்லை. பல நாள் ஒன்றும் பேசாமல் தைத்தாள். என் காபியைப் பாதி குடித்துவிட்டு இல்லை என்றாள். கைலாசத்தின் கவிதை வந்த தாளில் அடுப்புத்துணியைச் சுற்றி வைத்தாள். என்னை அம்மா முன்னால் 'ஏங்க' என்பாள். தனியாக இருந்தால் 'இன்னாபா'. இவற்றில் எந்தக் குழலியைச் சேர்த்தாலும் ஒரு குழலி குறைகிறாள்.)

5

செண்பகத்துக்கு ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குங்குமத்தோடு செத்த பெண், வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் படைக்க வேண்டும். பம்பைக்காரர்கள் வந்து மேளம் அடித்துப் பாடி அழைப்பார்கள். தண்ணீர்க் கரையிலிருந்து கலசம் வரும். அதற்குப் புதுப்புடவை சுற்றி, பூ வைத்து, பொங்கலிட்டுக் கும்பிடுவார்கள். அவள் யார் மேலாவது வந்து பேசுவாள். விபூதி கொடுப்பாள். வாங்கினால் அவள் சொன்னதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அதன் பிறகுதான் பந்தக்கால்.

எங்கள் வீட்டில் இதுவரை பூவாடைக்காரி அப்பாவின் பாட்டி. யாரும் பார்த்ததில்லை. அவள் வந்து என்ன பேசினாலும் யாருக்கும் வலிக்காது. இப்போது குழலி.

அம்மா இதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"போனது போச்சு. ஆனா வீட்டுக்கு ஒரு தெய்வம் கெடச்சிருக்குது."

கனத்த குரல் என் தலைக்குள் பேசியது. இழந்தவர்களே பெறுகிறார்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எனக்குத் தெய்வம் வேண்டாம். ஃபால்ஸ் தைக்கிறவள் வேண்டும்.

அம்மா மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தாள். இன்னொன்றும் இருந்தது. படையல் அன்று குழலியிடமே என் கல்யாணத்துக்கும் உத்தரவு கேட்டுவிடுவது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். வாலாஜாபாத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். எனக்கு முப்பத்தொன்று. இப்படியே இருந்தால் தங்கை புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாள் அம்மா.

படையல் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா அழவில்லை. "செண்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் செண்பகம் மாடிக்கு வந்தாள். அவளும் படித்தவள், பி.காம். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டேன்.

"நம்பல. ஆனா பயமா இருக்குது, அண்ணா."

படையலுக்குச் சரி என்றேன். அவளுக்காக. என் விஷயத்தில் குழலி என்ன சொல்லப்போகிறாள் என்பதை மட்டும் வேறு யாரும் தீர்மானிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை.

6

எப்படி என்பது படையல் அன்று காலையில் தெரிந்தது. அலமாரியைத் திறந்தேன். நீலச் சட்டையை எடுத்தேன். திரும்ப வைக்கவில்லை. போட்டுக்கொண்டேன்.

அந்தச் சட்டையில் வலது கைக்குக் கீழே தையல் பிரிந்திருக்கும். ஐந்து விரல் போகும். அவள் கடைசியாகச் சொன்னதற்கும் இந்தச் சட்டைக்கும் சம்பந்தம் உண்டு. என்ன சம்பந்தம் என்பதை இப்போது எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். குழலி எங்கிருந்தாவது வருவாளானால், கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தச் சட்டையைப் பற்றிப் பேசுவாள்.

விளக்கு வைக்கிற நேரம். வீடு நிறைய ஆட்கள். அம்மா எனக்குப் புது வேட்டி, புதுச் சட்டை எடுத்துவைத்திருந்தாள். நான் நீலச் சட்டையோடு படியிறங்கி வந்ததைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பூத்தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆட்டோவில் கேட்டது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. "வேலு, வேணாம்பா" என்றாள், யாருக்கும் கேட்காமல். நான் போய்க் கலசத்துக்கு எதிரே நின்றேன்.

கலசத்துக்குப் பட்டுப் புடவை சுற்றியிருந்தார்கள். பம்பைக்காரர் பஞ்சாட்சரம் பாட ஆரம்பித்தார். தென்னேரிக் கரையில் பிறந்தவளே, பூவோடு போனவளே, வா தாயே வா. நல்ல குரல். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கே முதுகு சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதையும் மறைக்க மாட்டேன்.

அத்தை மேல் வந்தது. முடி அவிழ்ந்தது. கண் மூடியது. உடம்பு ஆடியது. அம்மா கற்பூரத்தைக் காட்டி, யாரும்மா நீ என்று கேட்டாள். இந்த வீட்டு மருமகள் என்று பதில் வந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். குறை ஏதாவது உண்டா? இல்லை. கல்யாணத்துக்கு உத்தரவா? உத்தரவு. செண்பகத்தின் நெற்றியில் விபூதி விழுந்தது. அவள் தோள் தளர்வதைப் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கும் நிம்மதி.

பிறகு என் முறை. அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க. அழாதீங்க. நீங்க எங்க போனாலும் அந்தத் தண்ணியா நான் இருப்பேன்."

கூட்டம் உருகியது. யாரோ, அய்யோ என் தாயே என்றார்கள்.

செண்பகம் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் தெரியும், இது எங்கிருந்து வந்தது என்று. நீர்நாயிடமிருந்து. எவனோ எழுதிக் கொடுத்து எவளோ பேசியது. குழலி எதைக் கேட்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாளோ, அதையே அவள் சொன்னதாக அத்தை சொல்கிறாள். செண்பகம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

(அத்தை நடிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அவள் அந்தக் காட்சிக்கு உண்மையாக அழுதவள். அது அவளுக்குள் தங்கிவிட்டது. உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது. நானும் மேசையில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். மூன்றாவது வரி. எனக்குப் பம்பை அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.)

அத்தை தொடர்ந்தாள். எனக்கு ஒரு துணை வேண்டும். குழலியே அந்தப் பெண்ணாக வருவாள். வாலாஜாபாத்திலிருந்து வருவாள். கையில் விபூதியை அள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். நன்றாகத் தூக்கினேன். சட்டை பிரிந்த இடம் விரிந்தது. பனியன் தெரிந்தது. அத்தை கண்ணைத் திறந்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். காத்திருந்தேன். கற்பூரம் ஒன்று எரிந்து முடியும் நேரம் காத்திருந்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை.

கையை இறக்கினேன். "எனக்கு விபூதி வேணாம்" என்றேன்.

பம்பை நின்றது. அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். தெய்வத்தின் பேச்சை மீறுகிறாயா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"தெய்வம் பேசட்டும். என் தங்கச்சிக்கு நல்லது சொல்லட்டும், கும்புடறேன். குழலி பேசல."

7

இதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதினால் கதை அழகாகிவிடும். அழகாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது.

கூட்டம் கலைந்தது. பொங்கல் பரிமாறினார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியை முடிந்திருந்தாள். களைத்திருந்தாள். சாமி வந்து இறங்கினால் தனக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று எப்போதும் சொல்வாள்.

"இன்னாடா சொன்னேன்?"

"தண்ணியா இருப்பேன்னு சொன்ன."

"நல்லாத்தான சொல்லியிருக்கேன். அதுக்கா வேணாம்ன?"

அவள் என் தோளில் கை போட வந்தாள். கை பாதியில் நின்றது.

"இன்னாடா சட்ட இது. அக்குள்ல இம்மாம் ஓட்ட. நல்ல நாளு அதுவுமா இதப் போட்டுக்கினா நிப்பாங்க? கழட்டு. ஊசி எடுத்துக்கினு வா, தெச்சுடறேன்."

அம்மா கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டையை அத்தை பிடித்து இழுத்தாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான்.

"வேணாம் அத்தே. இது இப்பிடியே இருக்கட்டும்."

8

கைலாசம் இதைப் படித்தான். ஏழாவது பகுதியில் முடித்துவிடு என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டாடா. பூஜையில வரல, படிக்கட்டுல வந்துட்டா. இத விட என்னாடா முடிவு வேணும்?"

அப்படி எழுத மாட்டேன் என்றேன். அத்தைக்கு அறுபது வயது. கிழிந்த சட்டையைப் பார்த்தாள். தைக்கிறேன் என்றாள். அத்தைகள் அப்படித்தான். அதில் குழலி இல்லை. அத்தை மட்டும் இருந்தாள், அத்தைக்கு அதுவே பெருமை. அவளிடமிருந்து அதைப் பிடுங்கிச் செத்தவளுக்குக் கொடுப்பானேன்?

வாசகருக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா என்றான். அந்த நீர்நாய்ப் படத்தைப் போட்டுக் காட்டு, ஆறுதல் அதில் இருக்கிறது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, சரி, மூன்று முடிவு எழுதிக் கொடு, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றான்.

சரி. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வாலாஜாபாத் பெண்ணைப் பார்க்கப் போகிறேன். நல்ல பெண். அவளிடம் நீலச் சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அவள் [எனக்குத் தெரியாது. அந்தப் பெண் பேரையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் வாயிலும் நான் வார்த்தை வைக்க மாட்டேன்.]

இரண்டு. செண்பகம் கல்யாணம் நல்லபடியாக நடக்கிறது. இது நடந்துவிட்டது. தாலி கட்டும்போது மின்சாரம் போய் வந்தது. அதற்கு நான் விபூதி வாங்காததுதான் காரணம் என்று ஒரு கட்சி இருக்கிறது. அன்று காஞ்சிபுரம் முழுவதும் மின்சாரம் போனது என்று நான் இன்னொரு கட்சி.

மூன்று. அலைப் பார்டரை வரைந்து முடிக்கிறேன். புடவை நன்றாக விற்கிறது. ஒரு நாள் அதே புடவை ஃபால்ஸ் தைக்க யாரோ ஒருத்தி மடியில் [போதும்.]

நான்காவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள். என்னை அழவைக்கலாம். கல்யாணம் செய்துவைக்கலாம். ஓரத்தில் அடுப்பின் பக்கத்தில் நிறுத்தலாம், கரண்டியை மட்டும் அசைத்துவிடுங்கள். என் இழப்பில் எனக்கு ஏதோ கிடைத்தது என்று மட்டும் எழுதாதீர்கள். கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இழந்தது இழந்ததுதான், அது அந்த அளவிலேயே இருக்கட்டும்.

அவளைப் பேசவைக்காதீர்கள். அவளுக்குச் சொந்தமாகப் பேச்சு இருந்தது. அம்மா அதை மாற்றினாள், அத்தை மாற்றினாள், நானும் மாற்றப் பார்த்தேன். எல்லோருக்கும் அது போதவில்லை. எனக்குப் போதும்.

ஆட்டோ கிளம்பியது. நான் வாசலில் நின்றேன். அவள் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. பக்கத்தில் அம்மா இருந்தாள், ஆனாலும் 'ஏங்க' என்று கூப்பிடவில்லை. தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்:

"இன்னாபா, அந்த நீலச் சட்டய மாட்டிக்கினு வந்துடாத. கைக்குக் கீழ தையல் பிரிஞ்சிருக்குது. வந்து தெச்சுத் தரேன்."